அடிபட்ட அன்றைவிட மறுநாள் ஏன் அதிகமாக வலிக்கிறது?

பாப்பாரப்பட்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மா புளி தட்டும் வேலைக்குப் போகிறவர். சுத்தியல் தவறி இடது கைக் கட்டைவிரலில் விழுந்துவிட்டது. அந்த நேரத்தில் சுளீரென்று வலித்து, கொஞ்சம் அடங்கியதும் மீதி வேலையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார். மறுநாள் காலையில் விரல் வீங்கி விண் விண்ணென்று தெறிக்கிறது. சுடச்சுடக் களி உருண்டை பிடித்துப் பழகிய கை, இப்போது வெதுவெதுப்பான தண்ணீர் பட்டாலே ‘சுடுது’ என்று இழுத்துக்கொள்கிறது. முந்தானை உரசினாலும் வலிக்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நரம்பு ஏதாவது கெட்டுப்போயிருக்குமா, மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரை வலிக்கா வீக்கத்துக்கா, பாட்டி சொல்கிறபடி புளிப் பற்று போடலாமா என்று மூன்று கேள்விகள்.

தம்பி, முதலில் நரம்பு பற்றிய பயத்தை எடுத்துவிடுவோம். நரம்பு அறுந்திருந்தால் விரல் மரத்துப் போயிருக்கும். ஊசியால் குத்தினாலும் தெரியாது. உங்கள் அம்மாவுக்கு நடப்பது அதற்கு நேர் எதிர். நரம்பு நன்றாகவே வேலை செய்கிறது, வழக்கத்தைவிடக் கூடுதலாகவே வேலை செய்கிறது. அடிபட்ட சதை, தன்னைச் சுற்றியுள்ள நரம்பு நுனிகளின் உணர்திறனை ஏற்றிவிட்டிருக்கிறது. அதனால் நேற்றுவரை வலியே இல்லாத சூடும் உரசலும் இன்றைக்கு வலியாகப் போய்ச் சேருகின்றன. தர்மபுரியில் செவிலியர் மாணவிகளுக்கு உடலியங்கியல் சொல்லித் தருகிறேன். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மாத்திரை எதற்கு, ஒத்தடம் எப்போது என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வலியை உணர்வதற்கென்றே தனி நரம்பணுக்கள் உண்டு. 1906-ல் இங்கிலாந்தின் சார்லஸ் ஷெரிங்டன் அவற்றுக்கு நோசிசெப்டார் என்று பெயர் வைத்தார். ஆனால் அப்படி ஒரு தனி நரம்பு உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை சாதாரணத் தொடு நரம்புதான் அளவுக்கு மீறித் தூண்டப்படும்போது வலியாகத் தெரிகிறதா என்ற வாதம் அதன்பிறகும் அறுபது ஆண்டு ஓடியது. 1960களின் கடைசியில் அமெரிக்காவில் எட்வர்ட் பெர்லும் உடன் இருந்தவர்களும் ஒற்றை நரம்பிழையின் மின்துடிப்பைப் பதிவு செய்து, தோலைக் காயப்படுத்தும் அளவுக்கு அழுத்தினாலோ சுட்டாலோ மட்டுமே பதில் கொடுக்கிற இழைகளைக் காட்டினார்கள். அதோடு அந்த வாதம் பெரும்பாலும் ஓய்ந்தது.

கட்டைவிரலில் இருக்கும் இந்த நரம்பணுவின் உடல் விரலில் இல்லை. கழுத்தெலும்புகளுக்குப் பக்கத்தில், தண்டுவடத்தை ஒட்டிய ஒரு சிறு முடிச்சுக்குள் இருக்கிறது. அங்கிருந்து ஒரு கிளை தோள், முழங்கை, மணிக்கட்டு என்று இறங்கி வந்து விரலின் தோலுக்குள் மெல்லிய நுனிகளாகப் பிரிகிறது. இன்னொரு கிளை தண்டுவடத்துக்குள் போகிறது. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம் இருந்தாலும் மொத்தமும் ஒரே ஒரு செல்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சுத்தியல் விழுந்த நொடியில் இரண்டு வகை இழைகள் செய்தி அனுப்பியிருக்கும். ஏ-டெல்டா என்ற இழைக்கு மையலின் என்ற மெல்லிய கொழுப்பு உறை உண்டு. நொடிக்குச் சுமார் 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் போகும். கையை உதற வைத்த அந்தச் சுளீர் இதன் வேலை. சி இழைக்கு உறை கிடையாது. நொடிக்கு அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர்தான் அதன் வேகம். விரலிலிருந்து தண்டுவடத்துக்குப் போய்ச் சேரவே அதற்கு ஒரு நொடி பிடிக்கும். அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்: ‘ஐயோ’ என்று கையை இழுத்துக்கொண்ட பிறகு, ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துத்தான் அந்தக் கடுகடுப்பும் எரிச்சலும் வந்திருக்கும். மறுநாள் படுத்துவது பெரும்பாலும் இந்தச் சி இழைகள்தான்.

சரி, நரம்பு நுனிக்குச் சூடு என்று எப்படித் தெரிகிறது? இதற்கு விடை மிளகாயிலிருந்து வந்தது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான காப்சைசின் வலி நரம்புகளைத் தூண்டும் என்பது முன்பே தெரியும்; எதைப் பிடித்துத் தூண்டுகிறது என்பது தெரியாமல் இருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடத்தில் மைக்கேல் கேட்டரினா, வலி நரம்புகளின் மரபணுக்களை ஒவ்வொரு தொகுப்பாக வேறு செல்களுக்குள் செலுத்தி, எந்த மரபணு போன செல் காப்சைசினுக்குப் பதில் கொடுக்கிறது என்று தேடினார். 1997-ல் கிடைத்தது டிஆர்பிவி1 என்ற அயனி வாய்க்கால், அதாவது செல்லின் சவ்வில் பதிந்திருக்கும், திறந்து மூடக்கூடிய ஒரு புரதத் துளை. அதே வாய்க்கால் சுமார் 43 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் திறந்தது. கார வத்தக்குழம்பு ஆறிப்போயிருந்தாலும் வாய் ‘சுடுகிறது’ என்று சொல்வது இதனால்தான். நரம்பைப் பொறுத்தவரை மிளகாயும் நெருப்பும் ஒரே கதவைத் திறக்கின்றன. பறவைகளின் டிஆர்பிவி1 காப்சைசினைக் கண்டுகொள்வதில்லை. கொல்லையில் காய்க்கிற மிளகாய்ப் பழத்தைக் கிளி கண்ணில் நீர் வராமல் தின்றுவிட்டுப் போவது அதனால்தான்.

இப்படி வெவ்வேறு ஆபத்துக்கு வெவ்வேறு வாய்க்கால். பச்சைக் கடுகை நீர் விட்டு அரைத்தால் மூக்கில் ஏறுகிறதே, அந்த வேதிப்பொருளை உணர்வது டிஆர்பிஏ1. அழுத்தத்தை உணரும் பியெசோ வாய்க்கால்களை 2010-ல் கண்டுபிடித்தவர் ஆர்டெம் பட்டபூட்டியன். 2021-ன் மருத்துவ நோபல் பரிசை அவரும் ஜூலியஸும் பகிர்ந்துகொண்டார்கள். அமிலத்துக்கும் தனி வாய்க்கால்கள் உண்டு, டிஆர்பிவி1-ம் அமிலத்துக்கு மசியும். புளி தட்டுகிறவர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நகக்கண்ணில் சின்ன வெட்டு இருந்தால் போதும், புளியின் டார்டாரிக் அமிலம் அதில் இறங்கும்போது உயிர் போய்விடும்.

எந்த வாய்க்கால் திறந்தாலும் நடப்பது ஒன்றுதான். சோடியமும் கால்சியமும் உள்ளே பாய்ந்து, நுனியில் மின்னழுத்தம் ஏறுகிறது. அது ஒரு வரம்பைத் தாண்டினால்தான் செய்தி கிளம்பும். தாண்டவில்லை என்றால் மூளைக்கு எதுவும் போகாது. அந்த வரம்பில் உட்கார்ந்திருப்பவை சோடியம் வாய்க்கால்கள்: நாவ் 1.7 சிறிய ஏற்றத்தைப் பெருக்கிக் கொடுக்கும், நாவ் 1.8 அதை முழுத் துடிப்பாக்கும். நாவ் 1.7 எவ்வளவு முக்கியம் என்பது 2006-ல் தெரிந்தது. வட பாகிஸ்தானில் தெருவில் வித்தை காட்டும் ஒரு சிறுவன் கையில் கத்தியைச் செருகுவான், நெருப்புத் தணலில் நடப்பான். அவனுக்கு வலி என்றால் என்னவென்றே தெரியாது. ஆய்வாளர்கள் அவனைப் பார்ப்பதற்கு முன்பே, பதினான்கு வயது வாக்கில், கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனுடைய உறவுக் குடும்பங்களில் வலி தெரியாத மற்றப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது எல்லோருக்கும் நாவ் 1.7-ஐ உண்டாக்கும் மரபணு பழுதாகியிருந்தது. வலி இல்லாத உடம்பு வரம் என்று நினைப்பவர்களிடம் நான் இந்தப் பையனைப் பற்றித்தான் சொல்வேன். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு நாக்கும் உதடும் கடிபட்டுச் சிதைந்திருந்தன, எலும்பு முறிந்தது தெரியாமல் நடந்திருந்தார்கள்.

இப்போது உங்கள் அம்மாவின் விரலுக்கு வருவோம். சுத்தியல் நசுக்கிய செல்கள் உடைந்து அவற்றுக்குள் இருந்த ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறும் பொட்டாசியமும் வெளியே கொட்டுகின்றன. இது உடனடி வலி, கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அவர் வேலையை முடித்துவிட்டு வர முடிந்தது அதனால்தான். ஆனால் அந்த நேரத்திலேயே அடுத்த கட்டம் தொடங்கிவிட்டது. ரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது. ரத்தத்திலிருந்து கசிந்த புரதத்திலிருந்து பிராடிகைனின் உருவாகிறது. இது 1949-ல் பிரேசிலில் ரோஷா இ சில்வா குழுவினர் விரியன் வகைப் பாம்பொன்றின் விஷத்தை ஆராயும்போது கண்டுபிடித்த பொருள். பிறகு வெள்ளையணுக்கள் வந்து சேர்கின்றன. அவை விடும் சைட்டோகைன்கள் என்ற செய்திப் புரதங்களைக் கண்டதும் சுற்றியுள்ள செல்கள் காக்ஸ்-2 என்ற நொதியைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. இந்த நொதி சாதாரண நாளில் தோலில் பெரிதாக இருக்காது. மரபணு விழித்து, புரதம் உருவாகி, அளவு ஏறச் சில மணி நேரம் ஆகும். காக்ஸ்-2 வந்த பிறகுதான், அது உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் குவிகிறது. மதியம் அடிபட்டு, ராத்திரி தூக்கம் கெட்டு, காலையில் தொட முடியாமல் போகிற கணக்கு இதுதான்.

புரோஸ்டாகிளாண்டின் செய்வது விசித்திரமான வேலை. அதைத் தனியாகத் தோலுக்குள் செலுத்தினால் அவ்வளவாக வலிக்காது. ஆனால் அது இருக்கும் இடத்தில் பிராடிகைனினோ வேறு தூண்டலோ வந்தால் வலி பல மடங்காகிறது. 1970களின் தொடக்கத்தில் செர்ஜியோ ஃபெரேரா இதைக் காட்டினார். புரோஸ்டாகிளாண்டின் நரம்பு நுனியின் ஏற்பியில், அதாவது அதைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தில், அமர்ந்ததும் உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறு ஏறி, புரத கைனேஸ் ஏ என்ற நொதி விழித்துக்கொள்கிறது. அது டிஆர்பிவி1-லும் நாவ் 1.8-லும் பாஸ்பேட் குழுக்களை ஒட்டுகிறது. பிராடிகைனின் வேறு வழியில் புரத கைனேஸ் சி-யை எழுப்பி அதே வாய்க்கால்களில் கை வைக்கிறது. பாஸ்பேட் ஒட்டிய வாய்க்கால் சீக்கிரம் திறக்கும், கூடுதல் நேரம் திறந்திருக்கும். 43 டிகிரிக்குத் திறக்க வேண்டிய டிஆர்பிவி1 உடம்புச் சூட்டுக்குப் பக்கத்திலேயே திறக்கத் தொடங்கிவிடும். அதோடு அழற்சி உள்ள, அதாவது இப்படி வீங்கிச் சிவந்து சூடேறிய, திசுவில் அமிலமும் சேர்கிறது. அமில அளவைக் காட்டும் எண் பிஹெச்; அது குறையக் குறைய அமிலம் கூடுதல். ரத்தத்தின் பிஹெச் 7.4, வீங்கிய இடத்தில் அது 6 வரைக்கும் இறங்கக்கூடும். அமிலமும் வரம்பை இன்னும் கீழே தள்ளும்.

அம்மாவின் கைக்குத் திரும்பிப் பாருங்கள். வெந்நீர் என்று நாம் சொல்வது 40 டிகிரிக்கு முன்பின். நல்ல விரலில் அது இதமான சூடு. வலி வாய்க்கால் திறக்காது. வரம்பு இறங்கிப்போன விரலில் அதே தண்ணீர் அடுப்பில் கை வைத்தது மாதிரி பதிவாகிறது. தண்ணீர் வேண்டாம், அழற்சியால் சூடேறிய விரலின் சொந்தச் சூடே சில நேரம் போதும். அதனால்தான் ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தாலும் எரிகிறது. மாந்தோப்பில் ஒருமுறை திருட்டுப் போய்விட்டால், காவல்காரர் அடுத்த சில நாளைக்குச் சருகு அசைந்தாலும் டார்ச் அடிப்பார் அல்லவா, அப்படித்தான் அந்த நுனிகள் இருக்கின்றன. இது வெறும் ஊகமில்லை. 2000-ல் டிஆர்பிவி1 இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அவற்றின் பாதத்தில் அழற்சியை உண்டாக்கினாலும், மற்ற எலிகளைப் போலச் சூட்டுக்கு அவை கூடுதலாகத் துடிக்கவில்லை.

இங்கே மாத்திரைக் கேள்விக்கு விடை வந்துவிடுகிறது. ஆஸ்பிரின் மரப்பட்டை வைத்தியக் காலத்து மருந்தின் வாரிசு என்றாலும், அது எப்படி வேலை செய்கிறது என்பது 1971 வரை தெரியாது. அந்த ஆண்டு லண்டனில் ஜான் வேன், அது புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கிறது என்று காட்டினார். 1982-ல் நோபல் பரிசு. இப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் அதே காக்ஸ் நொதியைத்தான் தடுக்கின்றன. ஆகவே இவை நரம்பை மரக்கடிக்கும் மருந்துகள் அல்ல. ஏறிப்போன உணர்திறனைக் கொஞ்சம் பழைய நிலைக்கு இறக்குகின்றன, அவ்வளவுதான். ஒருவர் இப்யூப்ரோஃபென் போட்டுக்கொண்டு நல்ல விரலில் சுத்தியலால் அடித்துக்கொண்டால், வழக்கம்போலவே வலிக்கும். வலிக்கா வீக்கத்துக்கா என்று கேட்டீர்கள்; இரண்டுக்கும் பொதுவான வேரில் அது கை வைக்கிறது. பாரசிட்டமால் வேறு வகை. அது பெரும்பாலும் மூளை, தண்டுவடம் பக்கத்தில் வேலை செய்கிறது. விரலின் வீக்கத்தை அது பெரிதாகத் தொடுவதில்லை.

இதோடு ஒரு கவலையையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப்பக்கம் மருந்துக்கடையில் ‘வலிக்கு ஒரு செட் குடுங்க’ என்று கேட்டால், காகிதத்தில் மடித்து நாலைந்து மாத்திரை தருவார்கள். அதில் ஒரு வலி மாத்திரையா இரண்டா, ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. புரோஸ்டாகிளாண்டின் விரலில் மட்டும் இல்லை. வயிற்றின் உள்சுவரைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைச் சீராக்குவதும் அதே பொருள்தான். வெறும் வயிற்றில் போட்டால் புண்ணாகலாம், நாள்கணக்கில் போட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். காய்ச்சலோடு உடம்பு வலி என்றால் டெங்குவாக இருக்கலாம். அப்போது ஆஸ்பிரினும் இப்யூப்ரோஃபெனும் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். தர்மபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரின் ஃப்ளோரைடால் இடுப்பும் முட்டியும் இறுகிப்போய் வலிக்கிற பெரியவர்கள் நிறையப் பேர். அது எலும்பிலேயே படிகிற பிரச்சினை. ஒரு வார வீக்கத்துக்கான மாத்திரையை ஆண்டுக்கணக்கில் போட்டாலும் அது தீராது. ஒகேனக்கல் குடிநீர் வரும் இடத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பதை நிறுத்துவதுதான் அங்கே முதல் மருந்து.

இதுவரை நரம்பு சும்மா இருந்து அடி வாங்கிக்கொள்வது மாதிரி எழுதிவிட்டேன். அது வீக்கத்தையும் கூட்டுகிறது. முன்கையில் நகத்தால் சற்று அழுத்திக் கீறிப் பாருங்கள். முதலில் கீறிய கோடு சிவக்கும். பிறகு கீறாத இடத்திலும், கோட்டைச் சுற்றிச் சிவப்பு பரவும். 1920களில் தாமஸ் லூயிஸ் என்ற மருத்துவர் இதை விவரித்தார். கீறலில் எழுந்த துடிப்பு தண்டுவடத்துக்குப் போகும் வழியில், அதே நரம்பின் பக்கக் கிளைகளுக்குள்ளும் திரும்பி இறங்குகிறது. அந்த நுனிகள் சப்ஸ்டன்ஸ் பி, சிஜிஆர்பி என்ற பெப்டைடுகளை, அதாவது சிறு புரதத் துண்டுகளை, தோலுக்குள் கொட்டுகின்றன. ரத்தக்குழாய் விரிகிறது, நீர் கசிகிறது, தோலில் காவல் இருக்கும் மாஸ்ட் செல்கள், வீக்கத்தைக் கூட்டும் ஹிஸ்டமின் என்ற பொருளை விடுகின்றன. ஆக, வலி வீக்கத்தைக் கூட்டுகிறது. வீக்கம் வலியைக் கூட்டுகிறது. வீங்கிய விரலைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்து ‘இன்னும் வலிக்குதா’ என்று கேட்க வேண்டாம் என்று மாணவிகளிடம் சொல்வது இதற்காகத்தான்.

தூங்கிக்கொண்டிருக்கும் நரம்புகளும் உண்டு. சி இழைகளில் ஒரு பங்கு, நல்ல உடம்பில் எவ்வளவு அழுத்தினாலும் பதில் தராது. 1980களில் ஜெர்மனியில் ஷைபிளும் ஷ்மிட்டும் பூனையின் முழங்கால் மூட்டில் இவற்றைப் பதிவு செய்தார்கள். மூட்டில் அழற்சியை உண்டாக்கிய சில மணி நேரத்தில், அதுவரை ஊமையாக இருந்த இழைகள் சாதாரண அசைவுக்கே துடிக்க ஆரம்பித்தன. முட்டி வீங்கியவர் காலை மடக்கவே அஞ்சுவதற்கு, உணர்திறன் ஏறிய நரம்புகள் மட்டும் காரணமில்லை. புதிதாக விழித்த நரம்புகளும் சேர்ந்துகொள்கின்றன.

முன்பு நினைவில் வைக்கச் சொன்னேனே, நரம்பணுவின் உடல் கழுத்துப் பக்கத்து முடிச்சில் இருக்கிறது என்று. பாஸ்பேட் ஒட்டுவது நுனியிலேயே நடக்கிற, நிமிடக் கணக்கு வேலை. வலி நாள்கணக்கில் நீடிக்க முடிச்சு வரை தகவல் போக வேண்டும். அதைக் கொண்டுபோவது நரம்பு வளர்ச்சிக் காரணி. ரீட்டா லெவி-மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் இந்தப் பொருளுக்காக 1986-ல் நோபல் பெற்றார்கள். கருவில் நரம்புகளை வளர்க்கும் இதே பொருள், வளர்ந்தவர்களின் அழற்சியிலும் ஏராளமாகச் சுரக்கிறது. நரம்பு நுனியின் ட்ர்க்-ஏ என்ற ஏற்பியோடு சேர்ந்து, குமிழிக்குள் ஏறி, கை முழுக்கப் பயணித்து முடிச்சுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே மரபணுக்கள் கூடுதலாக இயங்கி, இன்னும் அதிக டிஆர்பிவி1, இன்னும் அதிக பெப்டைடுகள் தயாராகி விரலுக்கு வருகின்றன. இந்தப் போக்குவரத்துக்கு நேரமாகும். வீக்கம் வடிய ஆரம்பித்த பிறகும் இரண்டு மூன்று நாள் விரல் கூச்சமாகவே இருப்பதற்கு இது ஒரு காரணம்.

முந்தானை உரசினால் வலிக்கிறதே, அதற்குப் பதில் விரலில் மட்டும் இல்லை. மென்மையான உரசலைக் கொண்டுபோவது ஏ-பீட்டா என்ற தொடு இழைகள். அவை வலி இழைகளே அல்ல. ஆனால் சி இழைகள் ஓயாமல் தண்டுவடத்துக்குத் துடிப்பு அனுப்பும்போது, அங்கே அடுத்த நரம்பணுவும் மாறுகிறது. அதிலுள்ள என்எம்டிஏ ஏற்பியை வழக்கமாக ஒரு மக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டிருக்கும். தொடர்ந்த தூண்டலில் அந்த அடைப்பு விலகி, கால்சியம் உள்ளே வந்து, அந்த நரம்பணு சின்ன செய்திக்கும் பெரிதாகப் பதில் தரத் தொடங்குகிறது. தொடு இழையின் செய்தியும் அங்கே வலியின் பாதையில் ஏறிவிடுகிறது. 1983-ல் லண்டனில் கிளிஃபோர்ட் வுல்ஃப் எலிகளில் இதை முதலில் காட்டினார். அடிபடாத பக்கத்துத் தோலும் தொட்டால் வலிப்பது இதன் அடையாளம். அம்மாவின் சுட்டுவிரல் பக்கமும் கூச்சமாக இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பயப்பட வேண்டாம், அங்கே அடி எதுவும் இல்லை.

இவ்வளவு தெரிந்த பிறகு ஒரே மருந்தில் எல்லாவற்றையும் அடைத்துவிடலாமே என்று தோன்றும். அடைத்துப் பார்த்தார்கள். டிஆர்பிவி1-ஐத் தடுக்கும் மருந்துகளைக் கொடுத்தபோது சிலருக்கு உடம்புச் சூடு காய்ச்சல் அளவுக்கு ஏறியது, கொதிக்கும் பொருளைச் சூடென்றே உணராமல் போனார்கள். நரம்பு வளர்ச்சிக் காரணியைப் பிடித்து முடக்கும் டானெசுமாப் என்ற மருந்து மூட்டுவலியைக் குறைத்தது. ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாகத் தேய்ந்து சிதைந்தது. 2021-ல் அமெரிக்க மருந்து ஆணையத்தின் ஆலோசனைக் குழு அதற்கு எதிராக வாக்களித்தது, நிறுவனமும் கைவிட்டது. நாவ் 1.8-ஐ மட்டும் தடுக்கும் சுசெட்ரிஜின் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றிருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலி போன்ற கடும் வலிக்கு, போதை பழக்காத மருந்தாக அதை எதிர்பார்க்கிறார்கள். எனக்கும் அதில் நம்பிக்கை இருக்கிறது, காரணம் அது மூளையைத் தொடாமல் கிளம்பும் இடத்திலேயே செய்தியைக் குறைக்கிறது.

இனி பாட்டியின் புளிப் பற்று. உப்பும் புளியும் கரைத்துக் கொதிக்க வைத்துச் சுளுக்குக்குப் போடுவது நம் வீடுகளில் நெடுநாள் பழக்கம். பாட்டியின் அக்கறையைத் தட்டிக்கழிக்கச் சொல்லவில்லை. ஆனால் இந்த விரலுக்கு இப்போது வேண்டாம். சூடும் அமிலமும் ஒரே டிஆர்பிவி1-ஐத் திறக்கிற இரண்டு சாவிகள். அந்த வாய்க்கால் ஏற்கெனவே பாதி திறந்து கிடக்கிறது. நகக்கண்ணில் வெடிப்போ கீறலோ இருந்தால் எரிச்சலோடு போகாது, புண்ணும் ஆறாது. சூடு ரத்த ஓட்டத்தைக் கூட்டி முதல் இரண்டு நாளில் வீக்கத்தையும் ஏற்றும். இந்த நேரத்துக்குக் குளிர்ச்சிதான் சரி. ஐஸ் கட்டியை நேராக வைக்காமல் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. குளிரில் வாய்க்கால்கள் மந்தமாகும், சி இழையின் துடிப்பும் தளரும், கசிவும் குறையும். கையை நெஞ்சுக்கு மேலே தலையணையில் தூக்கி வைத்துப் படுக்கச் சொல்லுங்கள், விண் விண்ணென்று தெறிப்பது அடங்கும். மூன்றாம் நாளுக்கு மேல் வீக்கம் வடிந்து விறைப்பு மட்டும் மிஞ்சினால், தோல் முழுசாக இருந்தால், மிதமான வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். சூடு எவ்வளவு என்பதை நல்ல கையால் பார்த்துவிட்டுத்தான்.

பெரும்பாலும் நாலைந்து நாளில் கூச்சம் பாதியாகும், இரண்டு வாரத்துக்குள் களி உருண்டை பிடிக்க முடியும். வலி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டு வருகிறதா என்பதை மட்டும் பாருங்கள். இறங்காமல் மூன்றாம் நாளுக்குப் பிறகு ஏறினாலோ, சீழ் கோத்தாலோ, சிவப்புக் கோடு ஒன்று மணிக்கட்டை நோக்கி ஏறினாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நகத்துக்கடியில் ரத்தம் கட்டிக் கறுத்துத் தாங்க முடியாமல் தெறித்தால், அங்கே நகத்தில் சிறு துளை போட்டு ரத்தத்தை வடித்துவிடுவார்கள்; உடனே நிம்மதி கிடைக்கும். வீட்டில் ஊசியைக் காய்ச்சிக் குத்த வேண்டாம். தோல் கிழிந்திருந்தால் டிடி ஊசி போட்டதா என்று கேளுங்கள். காயம் ஆறிய பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் எரிச்சல் நீடித்து, கையின் நிறமும் வியர்வையும் மாறினால், அது தண்டுவடத்தில் ஏறிய உணர்திறன் இறங்காமல் நின்றுவிட்ட நிலையாக இருக்கலாம். அதற்கு வேறு சிகிச்சை உண்டு, சீக்கிரம் ஆரம்பித்தால்தான் பலன்.

அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் கணக்கு மாறும். சர்க்கரையால் நரம்பு நுனிகள் தேய்ந்தவர்களுக்குப் பெரிய வீக்கத்திலும் வலி குறைவாகத்தான் தெரியும். அவர்கள் விஷயத்தில் வலியைப் பார்த்து முடிவெடுக்காமல், தினமும் நல்ல வெளிச்சத்தில் விரலைக் கண்ணால் பார்க்க வேண்டும்.